கிராஷ் ஹேண்ட்லருக்குள் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது

நான் எழுதுவதெல்லாம் நூற்பாலைகளில் மெஷின் பக்கத்தில் மாட்டியிருக்கும் சின்ன லினக்ஸ் போர்டுகளுக்கான சி புரோகிராம்கள். ஸ்பிண்டில் வேகம், இழை அறுந்த எண்ணிக்கை, மின்சார அளவு என்று செரியல் போர்ட் வழியாக வாங்கி ஒரு சர்வருக்கு அனுப்புவதுதான் அவற்றின் வேலை. இப்படி ஒரு புரோகிராம் நைட் ஷிஃப்டில் செத்தால் பக்கத்தில் டீபக்கரோடு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். காலையில் நம் கைக்கு வருவது, சாகும்போது அது எழுதி வைத்த சில வரிகள் மட்டும். சாகும் நேரத்தில் ஓடி அவற்றை எழுதும் ஃபங்ஷன்தான் கிராஷ் ஹேண்ட்லர். அந்த வரிகளை நம்பி வேலை செய்யும்படி எழுதவைப்பது எப்படி என்று இங்கே சொல்கிறேன்.

சொல்வது எல்லாம் லினக்ஸ், ஜிலிப்சி என்ற சி லைப்ரரி, ஜிசிசி என்ற கம்பைலர் மூன்றையும் மனதில் வைத்து. எக்ஸ்86-64, ஆர்ம்64 என்ற இரண்டு பிராசஸர் வகைகளும் வேறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

எல்லா முடிவுகளுக்கும் நான் ஒரே விதியைத்தான் வைத்திருக்கிறேன். தயாரிப்பு வேலை முழுதும் புரோகிராம் நல்லபடியாக ஓடும்போதே முடிந்திருக்க வேண்டும். சாகும் நேரத்தில், கையில் இருப்பதை எழுதுவதோடு சரி. எழுதிய எண்களுக்கு என்ன அர்த்தம் என்று தேடும் வேலையை அப்புறம் வேறொரு புராசஸ், முடிந்தால் வேறொரு மெஷின், செய்யட்டும்.

தொங்கி நிற்கும் புராசஸ்

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் கிராஷ் ஹேண்ட்லர் பெரும்பாலும் நாலு வரி. சிக்னல் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, தொடக்கூடாத மெமரியைத் தொட்டால் கெர்னல் அனுப்பும் சிக்செக்வி என்ற சிக்னலைப் பிடிக்கும். உள்ளே பிரின்ட்எஃப்பில் ஒரு செய்தி. எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு இங்கே வந்தது என்று முகவரிகளாகத் தரும் பேக்ட்ரேஸ், அவற்றைப் பெயராக்கும் பேக்ட்ரேஸ் சிம்பல்ஸ் இரண்டையும் கூப்பிட்டு ஒரு பெயர்ப் பட்டியல். கடைசியில் எக்ஸிட் 1. நல் பாயிண்டரைத் தொடும் ஒரு சோதனைப் புரோகிராமில் இதை ஓட்டினால் அருமையாக வேலை செய்யும். அதைப் பார்த்துவிட்டு அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்கிறார்கள்.

ஓர் ஆலையில் அப்படிப்பட்ட ஹேண்ட்லரோடு வந்த ஒரு லைப்ரரி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் போர்டிலிருந்து டேட்டா வருவது நின்றுபோனது. சர்வீஸ்களைக் கவனித்து, செத்தால் எழுப்பிவிடும் சிஸ்டம்டியைக் கேட்டால் சர்வீஸ் ஓடுகிறது என்கிறது. புராசஸ் சாகவில்லை, அதனால் ரீஸ்டார்ட்டும் இல்லை. சிபியு பயன்பாடு 0. ஜிடிபி என்ற டீபக்கரை அட்டாச் செய்து பார்த்தபோது, ஒன்றையொன்று கூப்பிட்ட ஃபங்ஷன்களின் அடுக்கான ஸ்டாக் கீழிருந்து மேலாக இப்படி இருந்தது: செரியல் த்ரெட், பாக்கெட்டைப் பிரிக்கும் ஃபங்ஷன், ஃப்ரீ, ஜிலிப்சிக்குள் இருக்கும் இன்ட் ஃப்ரீ, அதன் மேல் 'சிக்னல் ஹேண்ட்லர் கால்டு' என்று ஜிடிபி காட்டும் வரி, அப்புறம் கிராஷ் ஹேண்ட்லர், பேக்ட்ரேஸ் சிம்பல்ஸ், மாலாக், உச்சியில் பூட்டுக்காகக் காத்திருக்கும் எல்எல்எல் லாக் வெயிட்.

நடந்தது எல்லாம் அந்த ஒரு ஸ்டாக்கிலேயே இருக்கிறது. எங்கேயோ ஒரு பஃபரின் எல்லையைத் தாண்டி எழுதியதில், மாலாக் மெமரி எடுத்துத் தரும் இடமான ஹீப் கெட்டிருக்கிறது. அந்த மெமரியைத் திருப்பித் தரும் ஃப்ரீ, ஹீப்பின் ஒரு பகுதியான அரீனாவின் பூட்டைப் போட்டுக்கொண்டு காலித் துண்டுகளை ஒன்றுசேர்க்கும்போது கெட்டுப்போன பாயிண்டரைத் தொட்டு சிக்செக்வி வாங்கியது. கெர்னல் அதே த்ரெட்டில், ஃப்ரீ பாதியில் நிற்கும் நிலையிலேயே, ஹேண்ட்லரை ஓடவைத்தது. ஹேண்ட்லர் மாலாக்கைக் கூப்பிட்டது. மாலாக் அதே அரீனாவின் பூட்டைக் கேட்டது. பூட்டை வைத்திருப்பது இதே த்ரெட். ஹேண்ட்லர் திரும்பினால்தான் ஃப்ரீ முடியும், ஃப்ரீ முடிந்தால்தான் பூட்டு திறக்கும். பவரை அணைக்கும் வரை அந்தப் புராசஸ் அப்படியே நிற்கும்.

செத்துப்போன புராசஸை சிஸ்டம்டி எழுப்பிவிடும். இப்படித் தொங்கி நிற்பதை, தனியாகச் சொல்லி வைக்காவிட்டால், அது கண்டுகொள்ளாது. ஆகவே தப்பாக எழுதிய ஹேண்ட்லரை வைத்திருப்பதைவிட ஹேண்ட்லரே இல்லாமல் இருப்பது நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

சிக்னல் ஹேண்ட்லருக்குள் கூப்பிடத் தகுந்த ஃபங்ஷன்களை, யூனிக்ஸ் வகைச் சிஸ்டங்களுக்கான தரநிலையான போசிக்ஸ் பட்டியல் போட்டே கொடுத்திருக்கிறது. மேனுவலின் 7ஆம் பகுதியில் சிக்னல்-சேஃப்டி என்ற பக்கத்தில் அது இருக்கும். ரைட், ஓபன், ரீட், க்ளோஸ், ரெய்ஸ், கில், அலாரம், பாஸ், சிக்ஆக்‌ஷன், அண்டர்ஸ்கோர் எக்ஸிட் எல்லாம் அதில் உண்டு. பிரின்ட்எஃப் குடும்பம் முழுதும் இல்லை, எஸ்என்பிரின்ட்எஃப் கூட இல்லை. மாலாக், ஃப்ரீ, சிஸ்லாக், லோக்கல்டைம், பித்ரெட் மியூடெக்ஸ் லாக், அண்டர்ஸ்கோர் இல்லாத எக்ஸிட், எதுவும் இல்லை. சாதாரண எக்ஸிட், அட்எக்ஸிட்டில் பதிந்த ஃபங்ஷன்களை எல்லாம் ஓட்டும், ஸ்டாண்டர்ட் ஐஓ பஃபர்களைக் காலி செய்யும். அந்த நேரத்தில் அந்தக் கோட் எதையும் ஓடவிடக்கூடாது.

இந்தப் பட்டியலை மீறுவதன் விலை, தொங்கிப்போவதோடு முடிந்துவிடாது. 2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட, தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் ஓபன்எஸ்எஸ்எச்-இன் பாதுகாப்பு ஓட்டை, சிவிஇ-2024-6387, இதே தவறுதான். லாகின் செய்ய வந்தவர் 120 விநாடிக்குள் முடிக்காவிட்டால் சர்வரில் சிக்அலாரம் அடிக்கும். அந்த ஹேண்ட்லர், சிஸ்டம் லாக்கில் எழுதும் சிஸ்லாக்கைக் கூப்பிட்டது. ஜிலிப்சியில் சிஸ்லாக் உள்ளே மாலாக் வரை போகும். ஹீப் பாதி மாறிய நிலையில் இருக்கும் கணம் பார்த்து அலாரம் அடிக்கும்படி ஒருவர் திரும்பத் திரும்ப முயன்றால், பாஸ்வேர்டே இல்லாமல் ரூட் அதிகாரம் கிடைத்துவிடும். 2006இல் மூடிய ஓட்டை, 8.5பி1 வெளியீட்டில் திரும்ப வந்து, 9.8பி1-இல்தான் மூடப்பட்டது. அந்த வெளியீட்டில் ஹேண்ட்லர் லாக் எழுதுவதே இல்லை. அண்டர்ஸ்கோர் எக்ஸிட்டால் ஒரு குறிப்பிட்ட எண்ணோடு வெளியேறுகிறது. அந்த எண்ணைப் பார்த்து லாக் எழுதுவது தாய் புராசஸ். இந்த அமைப்பை நன்றாகக் கவனியுங்கள், கிராஷ் ஹேண்ட்லருக்கும் இதுதான் சரியான வடிவம்.

மெயின் தொடங்கியதும் செய்ய வேண்டியவை

முதல் வேலை மாற்று ஸ்டாக். ஒரு ஃபங்ஷன் தன்னையே முடிவில்லாமல் கூப்பிடும் ரிகர்ஷனில் ஸ்டாக் தீர்ந்துபோய் சிக்செக்வி வருகிறது என்று வையுங்கள். ஹேண்ட்லர் ஓடவும் ஸ்டாக் வேண்டும், அதற்கு இடமில்லை. கெர்னல் புராசஸைக் கொன்றுவிடும், லாக்கில் ஒரு வரிகூட இருக்காது. இதற்காகத்தான் சிக்ஆல்ட்ஸ்டாக். தனியாக ஒரு மெமரித் துண்டைக் கொடுத்து, சிக்ஆக்‌ஷனில் எஸ்ஏ ஆன்ஸ்டாக் என்ற ஃப்ளாக்கையும் போட்டால் ஹேண்ட்லர் அங்கே ஓடும்.

எவ்வளவு பெரிய துண்டு என்பதில்தான் பழைய கோட் எல்லாம் மாட்டும். எக்ஸ்86-இல் சிக்ஸ்டாக்சைஸ் மேக்ரோவின் மதிப்பு வெகுகாலம் 8192 பைட். ஏவிஎக்ஸ்-512 உள்ள பிராசஸரில் சிக்னல் வரும்போது கெர்னல் எடுத்து வைக்கும் ரெஜிஸ்டர்களே 2.5 கேபிக்கு மேல் பிடித்துக்கொள்ளும். ஜிலிப்சி 2.34-இலிருந்து, ஜிஎன்யு சோர்ஸ் மேக்ரோவை டிஃபைன் செய்திருந்தால், அந்த அளவு ஓடும்போது கேட்டுப் பெறும் மதிப்பாக மாறிவிட்டது. அதை வைத்து ஸ்டாட்டிக் அரே அறிவித்திருந்த கோட் கம்பைல் ஆகாது. நான் அந்த மேக்ரோவைத் தொடுவதில்லை. எம்மேப்பில் 64 கேபி வாங்குகிறேன், அதற்கு அடியில் ஒரு பேஜை எம்புரொடெக்ட்டால் பூட்டி வைக்கிறேன். ஹேண்ட்லரே ஸ்டாக்கைத் தாண்டினால் பக்கத்து மெமரியைக் கெடுக்காமல் அங்கேயே சாகட்டும்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரிவதில்லை: மாற்று ஸ்டாக் த்ரெட்டுக்குத் தனித்தனி. மெயினில் ஒருமுறை அமைத்துவிட்டால் பித்ரெட் கிரியேட் செய்த த்ரெட்டுகளுக்கு அது வந்து சேராது. ஆகவே எங்கள் கோடில் யாரும் பித்ரெட் கிரியேட்டை நேராகக் கூப்பிடுவதில்லை. ஒரு சின்ன ராப்பர் ஃபங்ஷன் உண்டு. அது முதலில் அந்த த்ரெட்டுக்கு மாற்று ஸ்டாக் போட்டுவிட்டு அப்புறம்தான் உண்மையான வேலையைத் தொடங்கும்.

அடுத்தது லாக் ஃபைல். அதை இப்போதே ஓபன் செய்து, அப்பெண்ட், க்ளோஸ்-ஆன்-எக்ஸெக் ஃப்ளாக்குகளோடு, டிஸ்கிரிப்டரை ஒரு குளோபல் இன்ட்டில் வையுங்கள். பின்னணியில் ஓடும் டீமனில் ஸ்டாண்டர்ட் எரர் எங்கே போகிறது என்று உறுதியில்லை, டெவ் நல்லுக்குக் கூடப் போகலாம்.

பேக்ட்ரேஸ் ஃபங்ஷனையும் இங்கேயே ஒருமுறை சும்மா கூப்பிட்டுவிடுங்கள். முதல் தடவை கூப்பிடும்போதுதான் ஜிலிப்சி, லிப்ஜிசிசி-எஸ் என்ற லைப்ரரியை லோட் செய்கிறது. லோட் செய்வது என்றால் டைனமிக் லோடர், மாலாக், எல்லாம். அது கிராஷ் நேரத்தில் நடக்கக்கூடாது. இதை விட்டுவிட்டு, பேக்ட்ரேஸில் மாலாக் இல்லை என்று நம்புகிற கோட் நிறைய ஓடிக்கொண்டிருக்கிறது.

எந்த பில்ட் ஓடுகிறது என்பதையும் ஒரு கான்ஸ்டன்ட் ஸ்ட்ரிங்காக பைனரிக்குள்ளேயே வையுங்கள். நாங்கள் கிட் கமிட் எண்ணை மேக்ஃபைலில் இருந்து மேக்ரோவாகக் கொடுத்துவிடுகிறோம். நீளத்தையும் சைஸ்ஆஃப் மூலம் கம்பைல் நேரத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக சிக்ஆக்‌ஷன். சிக்செக்வி, சிக்பஸ், சிக்எஃப்பிஇ, சிக்இல், சிக்அபார்ட் ஐந்துக்கும். ஃப்ளாக்குகள் எஸ்ஏ சிக்இன்ஃபோவும் எஸ்ஏ ஆன்ஸ்டாக்கும். ஹேண்ட்லர் ஓடும்போது தடுத்து வைக்க வேண்டிய சிக்னல்களின் பட்டியலான மாஸ்க்கை சிக்ஃபில்செட்டால் முழுதாக நிரப்புங்கள். அப்படிச் செய்தால் ஹேண்ட்லர் ஓடும்போது அதே த்ரெட்டில் இன்னொரு ஃபால்ட் வந்தாலும், தடுத்து வைத்த சிக்னல் என்பதால் கெர்னல் காத்திருக்காமல் புராசஸை முடித்துவிடும். நமக்கு வேண்டியதும் அதுதான். மாஸ்க்கை நிரப்பாமல், அதே சிக்னலைத் தடுக்காமல் விடும் எஸ்ஏ நோடிஃபர் ஃப்ளாக்கைப் போட்டுவிடாதீர்கள், கிராஷுக்குள் கிராஷ் என்று சுழலும்.

எஸ்ஏ ரீசெட்ஹேண்ட் பற்றிக் கேட்பார்கள். ஹேண்ட்லருக்குள் நுழைந்ததுமே டிஃபால்ட்டுக்கு மாற்றிவிடும் ஃப்ளாக் அது. ஒரே த்ரெட் என்றால் நல்ல வசதி. பல த்ரெட் இருந்தால், முதல் த்ரெட் லாக் எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது த்ரெட்டும் அதே கெட்ட மெமரியைத் தொட்டு சிக்செக்வி வாங்கும். டிஃபால்ட் நடவடிக்கையில் முழுப் புராசஸும் போய்விடும், எழுதியது பாதியில் நிற்கும். நான் அதைப் போடுவதில்லை.

மெமரித் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்யும் பில்டில் இந்த ஹேண்ட்லரையே பதியாதீர்கள். அது தானே சிக்செக்வியைப் பிடித்து நம்முடையதைவிட நல்ல அறிக்கை தரும்.

ஹேண்ட்லருக்குள், வரிசையாக

உள்ளே நடப்பதில் வரிசைதான் முக்கியம். நிச்சயமாக வேலை செய்யக்கூடியது முதலில், சந்தேகமானது கடைசியில். எந்த இடத்தில் செத்தாலும் அதுவரை எழுதியது ஃபைலில் இருக்க வேண்டும்.

நுழைந்ததும் சி11-இன் அட்டாமிக் ஃப்ளாக் ஒன்றை டெஸ்ட் அண்ட் செட் செய்யுங்கள். ஏற்கெனவே செட் ஆகியிருந்தால் வேறு த்ரெட் எழுதிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சிக்னல் வரும் வரை காத்திருக்கும் பாஸ் ஃபங்ஷனை ஒரு லூப்பில் போட்டு அங்கேயே நின்றுவிட வேண்டும், முதல் த்ரெட் புராசஸை முடிக்கும்போது இதுவும் சேர்ந்து போகும்.

அடுத்து அலாரம் 5. அதற்கு முன் சிக்அலாரத்தை சிக்ஆக்‌ஷனால் டிஃபால்ட்டாக்கி, சிக்புராக்மாஸ்க்கால் தடையை நீக்குங்கள். மாஸ்க்கை முழுதாக நிரப்பியதால் இது கட்டாயம். என்ன ஆனாலும் 5 விநாடியில் இந்தப் புராசஸ் செத்தே ஆக வேண்டும். மேலே சொன்ன ஆலை போர்டில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் சிஸ்டம்டி உடனே எழுப்பிவிட்டிருக்கும்.

இப்போது முதல் வரி: பில்ட் எண், சிக்னல் எண், சிக்இன்ஃபோவில் உள்ள காரண எண்ணான கோட், ஃபால்ட் ஆன முகவரி, த்ரெட் எண், கூடவே கிராஷ் நேரத்து ரெஜிஸ்டர்களைக் கெர்னல் எடுத்துத் தரும் யூகான்டெக்ஸ்டிலிருந்து புரோகிராம் கவுண்டரும் ஸ்டாக் பாயிண்டரும். எக்ஸ்86-64-இல் அவை ஜிரெக்ஸ் அரேயில் இருக்கும், ஆர்ம்64-இல் எம்கான்டெக்ஸ்டில் பிசி, எஸ்பி என்றே இருக்கும். ஆர்ம்64 என்றால் லிங்க் ரெஜிஸ்டரான எக்ஸ்30-ஐயும் சேர்த்துவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

எண்ணை எழுத்தாக்க எஸ்என்பிரின்ட்எஃப் கூடாது. ஹெக்ஸ் என்பதால் நாமே எழுதுவது சுலபம். 16 எழுத்துள்ள ஒரு கான்ஸ்டன்ட் ஸ்ட்ரிங், 0 முதல் 9 வரை, அப்புறம் ஏ முதல் எஃப் வரை. எண்ணை 60 பிட் வலப்பக்கம் தள்ளி, கடைசி 4 பிட்டை மட்டும் எடுத்து, அந்த ஸ்ட்ரிங்கில் அந்த இடத்து எழுத்தை பஃபரில் போடுங்கள். அப்புறம் 56, 52 என்று 0 வரை. 16 எழுத்தும் நிரம்பியதும் ரைட். முன்னால் சைஃபர்கள் வரும், வந்தால் வரட்டும். ரைட் சில சமயம் கேட்டதைவிடக் குறைவாக எழுதித் திரும்பும், மிச்சத்தைத் திரும்ப எழுதும் ஒரு லூப்பும் அதே ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு வரியே எவ்வளவு சொல்லும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சிக்செக்வியில் கோட் 1 என்றால் அந்த முகவரியில் மெமரியே இல்லை. 2 என்றால் மெமரி இருக்கிறது, அனுமதி இல்லை. ஸ்ட்ரிங் லிட்டரலில் எழுதப் போனால் இது வரும். முகவரி ஹெக்ஸில் 18 என்று இருந்தால், நல் ஆக இருந்த ஒரு ஸ்ட்ரக்ட் பாயிண்டரின் 24ஆவது பைட்டில் இருக்கும் ஃபீல்டைத் தொட்டிருக்கிறோம். எந்த ஸ்ட்ரக்டில் 24இல் என்ன இருக்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

எக்ஸ்86-64-இல் ஒரு பொறி உண்டு. கோட் 128, முகவரி 0 என்று வந்தால் அது நல் பாயிண்டர் அல்ல. அந்த ஆர்க்கிடெக்சரில் செல்லவே செல்லாத வடிவத்தில் ஒரு முகவரியைத் தொட்டால், எதைத் தொட்டோம் என்பதை பிராசஸர் கெர்னலுக்குச் சொல்வதில்லை, அதனால் 0 வருகிறது. ஃப்ரீ செய்த மெமரியில் கிடந்த குப்பையைப் பாயிண்டராக எடுத்ததுதான் பெரும்பாலும் காரணம். கோடை எழுதாமல் முகவரியை மட்டும் எழுதினால், நல் செக் எங்கே விட்டுப்போனது என்று தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்போம். கோட் 0 என்றால் வெளியிலிருந்து யாரோ கில் அனுப்பியிருக்கிறார்கள், அனுப்பிய புராசஸ் எண்ணும் சிக்இன்ஃபோவிலேயே இருக்கும்.

இரண்டாவதாக /புராக்/செல்ஃப்/மேப்ஸ் ஃபைலை ஓபன் செய்து, 4 கேபி 4 கேபியாகப் படித்து அப்படியே லாக்கில் கொட்டுங்கள். ஓபன், ரீட், ரைட் மூன்றும் பாதுகாப்பான பட்டியலில் உள்ளவை. ஒவ்வொரு தடவை ஓடும்போதும் பைனரியும் லைப்ரரிகளும் வேறு வேறு முகவரியில் உட்காரும். இந்த முகவரிப் பட்டியல் இல்லாமல் பேக்ட்ரேஸ் எண்கள் வெறும் எண்கள்தான்.

மூன்றாவதாகத்தான் பேக்ட்ரேஸ். 64 பாயிண்டர் கொண்ட ஒரு அரே, பேக்ட்ரேஸ் ஃபங்ஷன், வந்த முகவரிகளை அதே ஹெக்ஸ் ஃபங்ஷனால் வரிக்கு ஒன்றாக எழுதுவது. ஜிலிப்சி மேனுவலே பேக்ட்ரேஸை சிக்னலுக்குள் பாதுகாப்பானது என்று சொல்லவில்லை. முன்கூட்டியே ஒருமுறை கூப்பிட்டதில் லைப்ரரி லோட் ஆகும் ஆபத்து போய்விட்டது. மிச்சமிருந்தது, ஸ்டாக்கில் படிப்படியாக ஏறும் அன்வைண்டர், லைப்ரரிகளை ஏற்றும் லோடரின் பூட்டைக் கேட்பது. ஜிலிப்சி 2.35-உம் ஜிசிசி 12-உம் சேர்ந்த பிறகு, அன்வைண்டர் பூட்டில்லாத வேறு வழியில் தேடுகிறது. பழைய சிஸ்டமில் அந்த ஆபத்து இன்னும் உண்டு. ஸ்டாக்கே கெட்டுப்போயிருந்தால் பேக்ட்ரேஸ் தானே கிராஷ் ஆகலாம். இதனால்தான் அதைக் கடைசியில் வைக்கிறேன், அதற்குள் முதல் வரியும் மேப்ஸும் ஃபைலுக்குப் போய்விட்டன.

பேக்ட்ரேஸ் சிம்பல்ஸ் வேண்டவே வேண்டாம், அது மாலாக் செய்கிறது. எஃப்டி என்று முடியும் இன்னொரு வடிவம் மாலாக் இல்லாமல் நேராக டிஸ்கிரிப்டரில் எழுதும். அவசரத்துக்கு நல்லதுதான். ஆனால் ஆர்டைனமிக் ஆப்ஷனோடு லிங்க் செய்தால்தான் பெயர் வரும், ஸ்டாட்டிக் ஃபங்ஷன்களின் பெயர் அப்போதும் வராது, வரி எண் எப்போதும் வராது. எண்களை மட்டும் எழுதிவிட்டு பெயர்களை வெளியே தேடுவது எனக்குப் பிடித்த வழி.

ஜிலிப்சிக்குப் பதில் மஸில் என்ற சி லைப்ரரியை வைத்திருக்கும் ஆல்பைன் போன்ற சிஸ்டங்களில் பேக்ட்ரேஸ் ஃபங்ஷனே கிடையாது, அங்கே லிப்அன்வைண்ட் பக்கம் போக வேண்டும். 32 பிட் ஆர்ம் என்றால் எஃப்அன்வைண்ட்-டேபிள்ஸ் ஆப்ஷன் இல்லாமல் சி கோடின் ஸ்டாக்கில் ஏறவே முடியாது. எல்லா இடத்திலும் ஃபிரேம் பாயிண்டரை விட்டுவிடாதே என்று கம்பைலருக்குச் சொல்லி வையுங்கள், அதற்காகச் செலவாகும் வேகம் நம் மாதிரி வேலைகளுக்குப் பொருட்டில்லை.

முடிக்கும்போது அந்த சிக்னலை டிஃபால்ட்டுக்கு மாற்றி, ரெய்ஸ் செய்து, ஹேண்ட்லரிலிருந்து திரும்புங்கள். சிக்னல் தடையில் இருப்பதால் ரெய்ஸ் உடனே கொல்லாது. திரும்பிய மறுகணம், கிராஷ் ஆன அதே ரெஜிஸ்டர்களோடு புராசஸ் சாகும். சாகும் புராசஸின் மெமரியை ஃபைலாக்கும் கோர் டம்ப் எடுத்தால் ஹேண்ட்லரின் ஸ்டாக் அல்லாமல் உண்மையான இடம் தெரியும். ஷெல்லும் சிஸ்டம்டியும் சிக்னலால் செத்தது என்பதைச் சரியாகப் பார்க்கும்.

எண்களிலிருந்து வரி எண்ணுக்கு

ரிலீஸ் பைனரியை மைனஸ் ஜி போட்டு கம்பைல் செய்து, ஆப்ஜ்காப்பியால் டீபக் தகவலைத் தனி ஃபைலாக எடுத்து வைத்துவிட்டு, ஸ்ட்ரிப் செய்த பைனரியை போர்டுக்கு அனுப்புங்கள். எடுத்து வைத்த ஃபைலை பில்ட் எண்ணோடு பத்திரமாக வையுங்கள். அதே சோர்ஸை மறுபடி கம்பைல் செய்து ஒப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், கம்பைலர் வெர்ஷன் மாறினாலே முகவரிகள் நகரும்.

கணக்கு எளியது. மேப்ஸில் நம் பைனரிக்கான முதல் வரி 555555554000 என்று தொடங்குகிறது, பேக்ட்ரேஸில் ஒரு முகவரி 555555555189. இரண்டும் ஹெக்ஸ். கழித்தால் 1189. பேக்ட்ரேஸ் தருவது, கூப்பிட்ட ஃபங்ஷன் முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி, அதாவது கால் இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு அடுத்தது. அதனால் இன்னும் 1 கழித்து 1188 என்று முகவரியை வரி எண்ணாக்கும் ஆடர்2லைன் கருவிக்குக் கொடுங்கள். 1 கழிக்காவிட்டால் பல சமயம் அடுத்த வரியைக் காட்டும், சில சமயம் அடுத்த ஃபங்ஷனையே காட்டிவிடும். முதல் வரியில் எழுதிய புரோகிராம் கவுண்டருக்கு மட்டும் 1 கழிக்கக்கூடாது, அது கிராஷ் ஆன இன்ஸ்ட்ரக்‌ஷனேதான். ஆடர்2லைனுக்கு ஃபங்ஷன் பெயர் காட்டும் எஃப் ஆப்ஷனும், இன்லைன் ஆனவற்றை விரித்துக் காட்டும் ஐ ஆப்ஷனும் கொடுங்கள். ஐ இல்லாவிட்டால் ஆப்டிமைஸ் செய்த பைனரியில் நடுவில் சில ஃபங்ஷன்கள் காணாமல் போனதுபோல் இருக்கும். பட்டியலின் மேலே இருக்கும் முதல் ஒன்றிரண்டு முகவரிகள் ஹேண்ட்லரும் சிக்னல் திரும்பும் கோடும், அவற்றை விட்டுவிடுங்கள்.

லிங்க் ரெஜிஸ்டரை ஏன் எழுதச் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். நல் ஆக இருந்த ஃபங்ஷன் பாயிண்டரைக் கூப்பிட்டால் புரோகிராம் கவுண்டர் 0. அந்த முகவரிக்கு அன்வைண்ட் டேபிள் இல்லை, பேக்ட்ரேஸ் அங்கேயே நின்றுவிடும், யார் கூப்பிட்டார்கள் என்று தெரியாது. ஆர்ம்64-இல் விடை லிங்க் ரெஜிஸ்டரில் இருக்கிறது. எக்ஸ்86-64-இல் ஸ்டாக் பாயிண்டர் காட்டும் இடத்தில் உள்ள 8 பைட்தான் விடை, அதை ஹேண்ட்லரின் கடைசி வேலையாகப் படித்து எழுதலாம். ஸ்டாக் பாயிண்டரே கெட்டிருந்தால் அந்தப் படிப்பிலேயே சாகும், அதனால் கடைசியில்.

கோர் டம்ப் எடுக்க இடம் இருந்தால் அதையும் எடுங்கள். இந்த எல்லாவற்றையும்விட அதில் தகவல் அதிகம். சர்வர்களில் சிஸ்டம்டி-கோர்டம்ப் அதை வாங்கி வைத்துக்கொள்ளும், கோர்டம்ப்சிடிஎல் கொண்டு ஜிடிபியில் நேராகத் திறக்கலாம். எங்கள் போர்டுகளின் ஃபிளாஷில் அதற்கு இடமில்லை. பாஸ்வேர்டு, சாவி போன்றவை மெமரியில் இருக்கும் புரோகிராம் என்றால் அந்தப் பகுதிகளை எம்அட்வைஸின் டோன்ட்டம்ப் மூலம் விலக்கிவிடுங்கள், கோர் ஃபைலை மற்றவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள். குரோம் மாதிரிப் பெரிய புரோகிராம்கள் கிராஷ்பேட் வைத்திருக்கின்றன. அங்கே ஹேண்ட்லர் தனிப் புராசஸாக முன்பே தயாராக நிற்கும், செத்துக்கொண்டிருக்கும் புராசஸ் அதற்குத் தகவல் சொல்வதோடு சரி. மெமரியும் இடமும் இருந்தால் அதுதான் இருப்பதில் சிறந்த வழி.

கொன்று பார்ப்பது

நல் பாயிண்டர் சோதனை ஒன்று போதாது. அந்தப் பாயிண்டரை வாலட்டைல் ஆக்காவிட்டால் கம்பைலர் அந்தக் கோடையே மாற்றிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ரிகர்ஷனால் ஸ்டாக்கைத் தீர்க்கும் சோதனையை மெயினிலும் வேறொரு த்ரெட்டிலும் தனித்தனியாகச் செய்யுங்கள், இரண்டாவதில்தான் த்ரெட்டுக்கு மாற்று ஸ்டாக் போட மறந்தது தெரியும். ஒரே துண்டை இரண்டு தடவை ஃப்ரீ செய்து ஜிலிப்சியே அபார்ட் கூப்பிடும்படி ஒன்று. நல் ஃபங்ஷன் பாயிண்டர் ஒன்று. இரண்டு த்ரெட் ஒரே சமயத்தில் கிராஷ் ஆவது ஒன்று. முழு எண்ணை 0-ஆல் வகுக்கும் சோதனை எக்ஸ்86-இல் சிக்எஃப்பிஇ தரும், ஆர்ம்64-இல் சிக்னலே வராது, விடை 0 என்று போய்க்கொண்டே இருக்கும். அதனால் அங்கே ரெய்ஸால்தான் அனுப்ப வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமான சோதனை ஜிடிபியில் செய்வது. இரண்டு த்ரெட்டாவது ஓடும் நிலையில் வைத்துச் செய்யுங்கள், ஒரே த்ரெட் இருந்தால் புதிய ஜிலிப்சி மாலாக்கில் பூட்டே போடுவதில்லை. இன்ட் மாலாக்கில் பிரேக்பாயிண்ட் வைத்து, அங்கே நின்றதும் 'சிக்னல் சிக்செக்வி' என்று கட்டளை கொடுங்கள். அரீனாவின் பூட்டு கையில் இருக்கும்போதே ஹேண்ட்லர் ஓடும். எங்கேயாவது ஒரு மாலாக் ஒளிந்திருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும்.

மற்ற சோதனைகளை எல்லாம் ஒவ்வொரு பில்டுக்குப் பிறகும் ஷெல் ஸ்கிரிப்டில், டைம்அவுட் கட்டளைக்கு 20 விநாடியும், நேரம் கடந்தால் தடுக்கவே முடியாத சிக்கில் அனுப்பும் ஆப்ஷனும் கொடுத்து, அதற்குள் ஓட்டுகிறோம். வெளியே வரும் எண்ணைப் பார்த்தால் போதும். சிக்செக்வியில் 139, அபார்ட்டில் 134 வந்தால் சரி. 142 வந்தால் புராசஸைக் கொன்றது அலாரம், ஆகவே ஹேண்ட்லருக்குள் எங்கேயோ ஒரு காத்திருப்பு இருக்கிறது, அந்த பில்ட் வெளியே போகாது. 137 வந்தால் அலாரமும் அடிக்கவில்லை. அப்போது முதலில் பார்க்க வேண்டியது சிக்அலாரத்தின் தடையை நீக்கும் அந்த வரியை.